திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்ன கடற்கரை: செங்கல்பட்டிலிருந்து ஒரு நாள்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டீ-ஷர்ட் என் தொப்புளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. மஞ்சள் நிறம். விழுந்தாலும் எழுவேன் என்று பொருள் வரும்படி நெஞ்சில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தார்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே அளவு போதும் என்று முடிவெடுத்தவர் என்னைப் போன்ற ஒரு ஆளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. இறக்கினால் மூச்சு முட்டுகிறது. காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாசலில் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நின்ற என்னைப் பஸ் டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, பனியன் உன்னுதா, பாப்பாவுதா?"

என் மகள் நிவேதா நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வயதில் அப்பா என்று ஒருத்தர் கூட வருவதே சங்கடம். அந்த அப்பாவுக்கு வயிறும் தெரிந்தால் என்னதான் செய்வாள், பாவம்.

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். செங்கல்பட்டில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதும் ஐ.டி.ஐ.யும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவேன். எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே பார்க்கிங் கிடைக்காது என்று எழுதுவேன். ஒரு வருஷமாக எதுவும் எழுதவில்லை. போன ஆவணியில் என் மனைவி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த முதல் பயணம் இது. அதுவும் நானாகப் போகவில்லை, பள்ளிக்கூடம் கூட்டிப் போனது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு திரையைக் கட்டிப் படம் போட்டுக் காட்டினார்கள். உலகம் முழுக்கக் கல்விக் கொள்கை மாறிக்கொண்டிருக்கிறதாம். கணக்கும் அறிவியலும் மட்டும் போதாது, அடிபட்ட பிள்ளை எழுந்து நிற்கவும் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றனவாம். நம்ம பள்ளியிலும் இப்போது வாரம் ஒரு பீரியட் அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பெயர், மீண்டெழும் திறன். பரீட்சை கிடையாது. ஆனால் ரேங்க் கார்டில் இடம் உண்டு: விதை, முளை, செடி, மரம் என்று நாலு படி.

நல்ல விஷயம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளம், புயல், கொரோனா என்று பார்த்துவிட்ட பிள்ளைகள். என் காலத்தில் மனசு சரியில்லை என்று சொன்னால் முட்டி போட வைப்பார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் போன வருஷம் அம்மா போன பிறகு வந்த இரண்டு ரேங்க் கார்டிலும் என் மகள் விதை. பக்கத்தில் ஒரு குறிப்பு: வகுப்பில் பகிர்ந்துகொள்வதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. முழுசாக இறங்கிப்போன பேட்டரியை அவசரமாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே பிளேட் வளைந்துவிடும். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிள்ளைகளைப் பேட்டரியோடு ஒப்பிட்டதற்காக என் மகள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷம் அந்தப் பாடத்துக்குச் செய்முறை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் கடலோரப் பயிற்சி, பிள்ளையோடு ஒரு பெற்றோர். பிள்ளைக்கு அறுநூற்றைம்பது, பெரியவர்களுக்கு நானூறு. பஸ், சாப்பாடு, டீ-ஷர்ட் உட்பட. இந்த முறையும் விதையாகவே நின்றால் தனியாக ஆலோசகரிடம் அனுப்ப வேண்டியிருக்கும் என்று வகுப்பாசிரியை வசந்தி மிஸ் போனில் சொன்னார். நிவேதா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்பெஷல் கேஸ்னு தனி ரூம்ல உக்கார வெப்பாங்க. அங்க மட்டும் போக மாட்டேன்பா," என்றாள். அதனால்தான் இந்தப் பயணம்.

நாள், ஆடி அமாவாசைக்கு மறுநாள் சனிக்கிழமை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே மலையைக் காட்டி, ஒரு காலத்தில் தினமும் உச்சி வேளைக்குக் கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும் என்று மிஸ் சொன்னார். இப்போ வர்றதில்லையா என்று ஒரு பையன் கேட்டான். வருவதில்லை. ஏன் என்று கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அங்கிருந்து புதுப்பட்டினம் இன்னொரு அரை மணி நேரம். பஸ் ஸ்டாப் பக்கம் சின்ன மெஸ் ஒன்றில் பொங்கலும் வடையும். வடை நன்றாக இருந்தது, பொங்கலில் மிளகைத் தேட வேண்டியிருந்தது. டீ-ஷர்ட்டை மனதில் வைத்து ஒரு வடையோடு நிறுத்திக்கொண்டேன். நிவேதா அதையும் சாப்பிடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாடம் சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்குள். போகிறவர்களுக்கு: எங்களிடம் டிக்கெட் எதுவும் கேட்கவில்லை, கூட்டமும் இல்லை. செங்கல் சுவர்கள், தானியக் கிடங்கு, பூட்டின கம்பிக் கதவுக்குப் பின்னால் டச்சுக்காரர்களின் கல்லறைகள். உள்ளே நிழல் குறைவு, தண்ணீர் கொண்டு போங்கள். ஆடிக் காற்று மண்ணை வாரி வாரிக் கண்ணில் போட்டது. வானமும் கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது.

பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நல்ல தம்பி, பிள்ளைகளின் பெயரை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். பீரங்கியால் அடிபட்ட கோட்டை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது, நாமும் அப்படித்தான் என்று ஆரம்பித்தார். இந்தக் கோட்டையிடம் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தைரியம், உழைப்பு, தன்னம்பிக்கை என்று பிள்ளைகள் அவருக்கு வேண்டியதை எல்லாம் கொடுத்தார்கள்.

நிவேதா முறை வந்தது. "இது எங்க சார் எழுந்திருக்கு? கவர்மென்ட்ல முட்டு குடுத்து நிக்க வெச்சிருக்காங்க. உள்ள யாருமே இல்ல."

தம்பி சிரித்து, நல்ல கவனிப்பு என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். வசந்தி மிஸ் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டினார். விதையாகத்தான் இருக்கும்.

மதியச் சாப்பாடு மாமல்லபுரத்தில். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் வரும். சாம்பார் சாதம் பொட்டலமாக வந்தது, அப்பளம் நமத்துப்போயிருந்தது. பிறகு ஐந்து ரதம். பெரியவர்களுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட், பதினைந்து வயதுக்குள் இலவசம். அதே டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள். நான் தொலைத்தேன். டீ-ஷர்ட்டில் பாக்கெட் இல்லை.

நாலரை மணிக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். கோயிலை விட்டுத் தள்ளி, படகுகள் நிற்கும் பக்கம். பஸ் அந்தத் தெருவில் திரும்பும்போதே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. போன ஆவணியில் இதே தெருவில்தான் என் அண்ணனும் நானும் காரிலிருந்து இறங்கினோம். நிவேதாவுக்கு இந்த இடம் தெரியாது. எங்கள் வழக்கத்தில் பெண் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கும் கூட்டிப் போவதில்லை, சாம்பல் கரைக்கவும் கூட்டிப் போவதில்லை. நானும் வர்றேன் என்றவளை, பொம்பளைப் பிள்ளை வரக்கூடாது என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். ஈர வேட்டியோடு நான் திரும்பி வந்தபோது, "எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள். கடல்ல என்றேன். அதோடு சரி, அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மணலில் முந்தின நாள் அமாவாசை அப்படியே கிடந்தது. வாழை இலைத் துண்டுகள், எள், தர்ப்பை, மண்ணோடு ஒட்டிக்கொண்ட சாமந்தி. பிள்ளைகள் தாண்டித் தாண்டி நடந்தார்கள். பஸ்ஸிலிருந்து ஒரு சிமென்ட் மூட்டையை இறக்கினார்கள். பிரித்தால் ஜல்லிக்கல். பள்ளியில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், அதிலிருந்து அள்ளி வந்தது. ஆளுக்கு ஒரு கல், ஒரு மார்க்கர் பேனா. உங்களை அழுத்துவது எதுவோ அதைக் கல்லில் எழுதுங்கள் என்றார் தம்பி. ஒரு பையன் மேத்ஸ் என்று எழுதினான். இன்னொருத்தன் தன் அண்ணன் பெயரை எழுதிவிட்டு அதைத் தானே ரசித்துச் சிரித்தான்.

நிவேதாவின் கல் காலியாக இருந்தது. மெதுவாகப் பக்கத்தில் போய், எழுதலையா பாப்பா என்றேன்.

"எடம் பத்தாதுப்பா."

எல்லாரும் முடித்ததும் தம்பி செய்முறையைச் சொன்னார். கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கல்லைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நேராக முன்னே நடந்து வர வேண்டும். போனது போகட்டும் என்பதுதான் பாடமாம். எல்லா ஊரிலும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி இது என்றார்.

பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படகு ஓரமாக நின்றிருந்த ஒரு மீனவர் இறங்கி வந்தார்.

"தோ பாரு சார், அந்தாண்ட வலை வுட்டுகினு கீறோம். கல்லு கில்லு போட்டீங்கன்னா மாட்டிகினு கிழிஞ்சிடும்." பிறகு வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "ஆமா, யாரு வூட்டுக் காரியம் இது? இத்தினி புள்ளிங்க வந்து கீது."

அவ்வளவுதான். நிவேதாவோடு படிக்கும் கீர்த்தனாவின் அம்மா, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், முன்னால் வந்தார். "அதையேதான் மிஸ் நானும் கேக்கறேன். அஸ்தி கரைச்சிட்டு வர்றவங்கதான் இப்படிப் பண்ணுவாங்க. நேத்துதான் அமாவாசை வேற. நல்லா இருக்கிற புள்ளைங்க கையால இத செய்யச் சொல்றீங்களே. என் பொண்ணு போட மாட்டா."

"எம் பையனும் வேணாம் மிஸ்," என்றார் இன்னொருவர். கல்லைக் கீழ போடு, போடு என்று நாலா பக்கமும் குரல். ஜல்லிகள் மணலில் விழுந்தன. அப்போதுதான் கீர்த்தனாவின் அம்மா என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அண்ணா, உங்கள வெச்சி சொல்லலண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க." நான் கையைத் தூக்கி, பரவாயில்லை என்று காட்டினேன். கூடவே வயிறும் தெரிந்தது.

வசந்தி மிஸ் தம்பியிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது, எனக்குச் சத்தியமாகத் தெரியாது என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கோ யாரோ நல்ல எண்ணத்தோடு யோசித்து எழுதியது. பல ஊர் தாண்டி இந்த மணலுக்கு வந்தபோது எங்கள் வீட்டுச் சாவுச் சடங்காக வந்து நின்றது. இதை ரத்து செய்துவிடலாம், எல்லாரும் பஸ்ஸுக்குப் போகலாம் என்றார் மிஸ்.

"மிஸ், நான் போடலாமா?"

நிவேதாதான். கையில் அந்தக் காலிக் கல்.

"வேணாம்டா கண்ணு, பொம்பளைப் புள்ளைங்க பண்ணக்கூடாது," என்றார் கீர்த்தனாவின் அம்மா. திட்டவில்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். மிஸ் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நிவேதா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அண்ணன் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பதும் தெரியும்.

"போடட்டும் மிஸ்," என்றேன்.

மீனவரைப் பார்த்தேன். அவர் வலை இல்லாத பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நிவேதா அங்கே நடந்தாள். செருப்பைக் கழற்றினாள். கடலுக்கு முதுகு காட்டி எங்களைப் பார்த்து நின்றாள். தோளுக்கு மேல் கல்லை விட்டாள். தூரம் போகவில்லை. காற்றில் சத்தமும் கேட்கவில்லை.

"அப்படியே வாம்மா, திரும்பாம வா," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவள் திரும்பினாள். முழுசாகத் திரும்பி, கடலைப் பார்த்து நின்றுவிட்டாள். ஐயோ என்றது ஒரு குரல். ஓர் அலை வந்து அவள் முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. அவள் நகரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஒரு வருஷமாக எனக்குத் தெரியும்படி அழாத பிள்ளை.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அந்த வயதுப் பெண்ணைக் கூட்டத்தின் முன்னால் கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் சும்மா நின்றேன். அவளாகவே என் டீ-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே பத்தாத துணி.

கடலைப் பார்த்தபடியே கேட்டாள். "இங்கதானா?"

"ஆமா. தோ, அந்தப் படகு நிக்குதே, அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"அன்னிக்கு நீ திரும்பிப் பாத்தியாப்பா?"

"வா பாப்பா, இந்தச் சட்டை நனைஞ்சா இன்னும் சுருங்கிடும்," என்றேன்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் வசந்தி மிஸ் டேப்லெட்டோடு காத்திருந்தார். அவரும் அழுதிருந்தார். "சார், இதுல ஒரு கேள்வி இருக்கு. திரும்பிப் பாக்காம நடந்தாங்களா, ஆமா இல்லன்னு. இல்லன்னு போட்டா விதையிலதான் நிக்கும். ஆமான்னு போட்டுடறேன் சார், யாருக்கும் தெரியாது."

நிவேதாவைப் பார்த்தேன். "தனி ரூம்தானே மிஸ், பரவால்ல," என்றாள். "இல்லன்னே போடுங்க."

இல்லை என்றே போட்டார்கள். ஏழு மணிக்குச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவள் தூங்கினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாப்பா டயர்டா கீதா?" என்று மட்டும் கேட்டார். காலையில் அடித்த கிண்டல் மாலையில் அவருக்கு வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சொந்த வண்டியில் போனால் இந்தச் சுற்று மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குள் முடியும். கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆடியில் போனால் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். மாமல்லபுரம் கடலில் இறங்காதீர்கள், கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், அந்த இழுப்பு லேசுப்பட்டது இல்லை. பள்ளியிலிருந்து இப்படி ஏதாவது பயிற்சி என்று சொன்னால், அன்று என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டேன்.

பள்ளியைக் குறை சொல்லவில்லை. அந்தத் தம்பியையும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரே போன் செய்து நிவேதாவிடம் பேசினார். எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சரி. கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பதற்கும் வாரத்தில் ஒரு பீரியட் விட்டால் தேவலை. ஆலோசகரிடம் அடுத்த வாரம் போகிறோம். சட்டை என்னுடையதுதான் போட்டுக்கொள்வேன்.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த வலைப்பூவை அவள் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதலாம். அன்றைக்கு அண்ணன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தார். திரும்பாதடா, திரும்பாதடா என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். தோளுக்கு மேலாக நான் விட்ட சாம்பல் சட்டி முழுகவில்லை. ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான்தான் நடந்து வந்துவிட்டேன்.